நேப்பிள்ஸ் யார் பக்கம் நின்றது?

உதைபந்தாட்ட ரசிகர்கள் நான்கு பேர் ஓரிடத்தில் கூடினால் மூன்று தர்க்கங்கள் எழாமல் போவதில்லை. எந்த ஆட்டக்காரர் பெரியவர் என்பது முதலாவது. அவரது நடத்தை எப்படிப்பட்டது, தலைக்கனம் பிடித்தவரா, அணிக்காக ஆடுபவரா என்பது இரண்டாவது. இவ்விரண்டும் சூடேறியதும் மூன்றாவது வந்து சேரும். “உங்கள் ஆட்களே இப்படித்தான்” என்று யாராவது ஒருவர் தொடங்கிவிடுவார். அதன் பின்னர் பேச்சு பந்தைப் பற்றியதாக இராது. ஓர் ஊரைப் பற்றியதாகவோ ஓர் இனத்தைப் பற்றியதாகவோ மாறிவிடும்.

இம்மூன்று தர்க்கங்களுக்கும் ஒருசேர இடமளித்தவர்களில் டியேகோ மரடோனாவுக்கு நிகராக எவரையும் என்னால் நினைக்க முடியவில்லை. 2000ஆம் ஆண்டில் நூற்றாண்டின் சிறந்த வீரரைத் தெரிவு செய்ய ஃபீஃபா முற்பட்டபோது, இணையத்தில் வாக்களித்த ரசிகர்களில் பாதிக்கு மேற்பட்டோர் மரடோனாவையே தெரிந்தெடுத்தனர். ஃபீஃபாவின் வட்டாரமோ பெலேயைத் தெரிந்தெடுத்தது. விருது இரண்டாகப் பிரிக்கப்பட்டது. அவ்வாண்டு டிசம்பர் 11ஆம் திகதி ரோமில் நடந்த விழாவில் மரடோனா தமக்குரிய விருதைப் பெற்றுக்கொண்டு, பெலேக்கு விருது வழங்கப்படுமுன்னரே வெளியேறிவிட்டார். ஆட்டத்தைப் பற்றிய தர்க்கம் அக்கணமே நடத்தையைப் பற்றிய தர்க்கமாயிற்று. 2020 நவம்பர் 25ஆம் திகதி அவர் மறைந்த பின்னரும் அது ஓய்ந்தபாடில்லை.

எனினும் நான் இங்கு எழுத முனைவது பெலேயா மரடோனாவா என்பதைப் பற்றியன்று. 1990 ஜூலை 3ஆம் திகதி இரவு, தென் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் நடைபெற்ற உலகக் கிண்ண அரையிறுதி ஆட்டத்தைப் பற்றியே எழுதுகிறேன். அன்று இத்தாலியும் ஆர்ஜென்டீனாவும் மோதின. இத்தாலி தோற்றது. நேப்பிள்ஸ் மக்கள் சொந்த நாட்டைக் கைவிட்டு மரடோனாவின் பக்கம் சாய்ந்துவிட்டார்கள் என்ற பேச்சு அதோடு கிளம்பிற்று. இன்றும் பலர் அதையே வரலாறாகச் சொல்லி வருகின்றனர். அது எவ்வளவு தூரம் உண்மை என்பதை அறியச் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

நேப்பிள்ஸ் ஒரு காலத்தில் தனி இராச்சியமொன்றின் தலைநகர். 1860 செப்டெம்பர் 7ஆம் திகதி கரிபால்டி அந்நகருக்குள் நுழைந்தார். 1861இல் இத்தாலி ஒன்றுபட்ட நாடாகியபோது அதன் மக்கள்தொகை மிகுந்த நகரம் நேப்பிள்ஸ்தான். அதன் பின்னர் தொழிற்சாலைகளும் மூலதனமும் வடக்கே மிலான், டியூரின் நகரங்களை நாடிச் சென்றன. தெற்கே மிஞ்சியது வறுமை. இலட்சக்கணக்கானோர் கப்பலேறி அமெரிக்கக் கண்டங்களுக்குச் சென்றனர். அவர்களுள் பலர் போய்ச் சேர்ந்த நாடுகளில் ஆர்ஜென்டீனாவும் ஒன்று. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் மற்றுமொரு பெயர்வு நிகழ்ந்தது. இம்முறை சொந்த நாட்டுக்குள்ளேயே தெற்கிலிருந்து வடக்குக்கு. டியூரினில் ஃபியட் கார்த் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்த தென்னாட்டவருக்கு வடக்கத்தியர் இட்ட பெயர் ‘தெரோனி’. மண்ணைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்த வசைச்சொல் அது.

உதைபந்தாட்டத்திலும் இதே நிலைதான். ஃபியட் நிறுவனத்தை உடைமையாகக் கொண்ட அஞெல்லி குடும்பத்தின் கையிலேயே 1923 முதல் யுவென்டஸ் கழகமும் இருந்து வந்தது. சம்பியன் பட்டம் பெரும்பாலும் டியூரினுக்கும் மிலானுக்கும் இடையிலேயே கைமாறியது. 1970இல் சார்டீனியாத் தீவின் கால்யாரி கழகம் ஒருமுறை அதனை வென்றது. இத்தாலியப் பெருநிலத்தின் தென்பகுதிக் கழகம் எதுவும் 1987 வரை வென்றதில்லை. 1926இல் தொடங்கப்பட்ட நாபொலி கழகம் அறுபது ஆண்டுகள் வெறுங்கையோடு காத்திருந்தது.

வடக்கின் மைதானங்களில் நாபொலி ரசிகர்கள் எதிர்கொண்ட கோஷங்கள் சாதாரண கேலிகள் அல்ல. 1973இல் நேப்பிள்ஸில் வாந்திபேதி பரவியது. 1980 நவம்பர் 23ஆம் திகதி அப்பிராந்தியத்தைத் தாக்கிய பூகம்பத்தில் ஏறத்தாழ 3,000 பேர் மாண்டனர். இவ்விரு துயரங்களும் எதிரணி ரசிகர்களுக்குப் பாட்டாயின. ‘கொலரா பிடித்தவர்களே, பூகம்பத்தில் சிக்கியவர்களே’ என்று பாடினார்கள். வெசூவியஸ் எரிமலையே, நீயாவது வெடித்து இவர்களைக் கழுவு என்று பதாகை பிடித்தார்கள். ஓர் ஊரின் மரணங்களையே அவ்வூரின் மீது வசையாக எறிவது எத்தகைய செயல் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

இந்த ஊருக்குத்தான் 1984 ஜூலை 5ஆம் திகதி மரடோனா வந்திறங்கினார். பார்சலோனாவிடமிருந்து அவரைப் பெறுவதற்கு நாபொலி கொடுத்த தொகை அந்நாளில் உலக சாதனை. சான் பாவ்லோ அரங்கில் அவர் பந்தைச் சில தடவை தட்டிக் காட்டுவதைக் காண்பதற்கு மட்டும் சுமார் 70,000 பேர் திரண்டனர். புவனெஸ் அயர்ஸின் புறநகரான வில்லா ஃபியோரிட்டோவின் சேரியில் வளர்ந்தவர் அவர். அவ்வாண்டு செப்டெம்பர் 16ஆம் திகதி இத்தாலிய லீக்கில் தமது முதலாவது ஆட்டத்தை வெரோனா நகரில் ஆடினார். ‘இத்தாலிக்கு நல்வரவு’ என்ற பதாகை அங்கு தம்மை வரவேற்றதாக அவர் பின்னர் கூறியிருக்கிறார். தெற்கே இருப்பது இத்தாலியே அல்ல என்பது அதன் பொருள். நாபொலி 3-1 என்று தோற்றது. அப்பருவத்தில் வெரோனாவே சம்பியனாகவும் ஆயிற்று.

நேப்பிள்ஸ்காரர்கள் வசைக்கு வசை பாடத் தெரியாதவர்கள் அல்லர். வெரோனா ரோமியோ-ஜூலியட் கதையின் ஊர் என்று பெருமை பேசுவது. ‘ஜூலியட் நடத்தை கெட்டவள்’ என்றொரு பதாகையை அவர்கள் ஒருநாள் விரித்தார்கள். எரிமலைக்கும் பூகம்பத்துக்கும் கொடுத்த பதில் அவ்வளவுதான். இத்தாலிய ரசிகர்கள் இன்றும் அதைச் சொல்லிச் சிரிப்பதுண்டு.

ஆட்டப் பாணியைப் பற்றிய தர்க்கமும் அக்காலத்தில் இதே கோட்டில்தான் பிரிந்தது. யுவென்டஸில் பிரெஞ்சு வீரர் மிஷேல் பிளாட்டினி ஆடிக்கொண்டிருந்தார். 1983, 1984, 1985 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து ஐரோப்பாவின் தங்கப் பந்து விருதைப் பெற்றவர். நிமிர்ந்த நடை, அளந்து வைத்த நீண்ட பந்து, அதிகம் வியர்க்காத ஆட்டம். மரடோனா குள்ளமானவர். தரையோடு ஒட்டியபடி இடது காலாலேயே பந்தை இழுத்துச் செல்பவர். ஒருவரோடு ஒருவராக நின்று காலை வெட்டும் இத்தாலியத் தடுப்பாட்டத்தின் நடுவே விழுவார், எழுவார், மறுபடியும் பந்தைக் கேட்பார். 1985 நவம்பர் 3ஆம் திகதி யுவென்டஸுக்கு எதிராகத் தண்டனைப் பகுதிக்குள் கிடைத்த மறைமுக உதையொன்றை, சில அடி தூரத்தில் நின்ற சுவர் போன்ற தடுப்புக்கு மேலாகத் தூக்கி வலைக்குள் இறக்கினார். அந்த ஒரு கோலால் நாபொலி வென்றது. தங்கப் பந்து அந்நாளில் ஐரோப்பியருக்கு மட்டுமே உரியதாக இருந்தபடியால் மரடோனாவுக்கு அது கிடைக்க வழியே இருக்கவில்லை. நேப்பிள்ஸ் ரசிகருக்கு அதுவும் தங்களுக்கு இழைக்கப்பட்ட அநீதிகளின் பட்டியலில் ஒன்றாகிவிட்டது.

நடத்தையைப் பொறுத்தமட்டில் இரு தரப்பாருக்கும் ஆதாரங்கள் இருந்தன. நோயுற்ற ஒரு குழந்தையின் சிகிச்சைக்குப் பணம் திரட்டுவதற்காக 1985இல் அசெர்ரா என்ற சிற்றூரின் சேற்று மைதானத்தில் அவர் ஆடினார். காயமடையக்கூடும் என்று கழகம் விரும்பாதபோதும் ஆடினார். அதே மனிதர் கமோரா என்ற குற்றக் கும்பலின் குடும்பமொன்றோடு கூடி நின்ற புகைப்படங்களும் வெளிவந்தன. 1986 செப்டெம்பரில் நேப்பிள்ஸில் பிறந்த மகனைப் பல ஆண்டுகள் ஏற்க மறுத்தார். கொக்கேய்னுக்கு அடிமையானார். 1986 உலகக் கிண்ணத்தில் இங்கிலாந்துக்கு எதிராகக் கையால் ஒரு கோலும், அரை மைதானத்தைக் கடந்து சென்று காலால் ஒரு கோலும் நான்கு நிமிடங்களுக்குள் போட்டவர் அல்லவா? விரும்புவோர் இரண்டாவதைச் சொல்வார்கள். வெறுப்போர் முதலாவதைச் சொல்வார்கள்.

1987 மே 10ஆம் திகதி நாபொலி முதன்முறையாகச் சம்பியனாயிற்று. யுவென்டஸுக்கும் மிலானுக்கும் போலி மரண ஊர்வலங்கள் நடத்தப்பட்டன. இடுகாட்டுச் சுவரொன்றில் ‘நீங்கள் எதைத் தவறவிட்டீர்கள் என்பது உங்களுக்குத் தெரியாது’ என்று யாரோ எழுதி வைத்தார்கள். மறுநாள் அதன் கீழே ‘தவறவிட்டோம் என்று உங்களுக்கு யார் சொன்னது?’ என்று மற்றொரு வரி காணப்பட்டதாகவும் சொல்லப்படுவதுண்டு. ஓராண்டு கழித்து, 1988 மே 1ஆம் திகதி, அதே அரங்கில் மிலான் 3-2 என்று நாபொலியை வென்று பட்டத்தைப் பறித்துச் சென்றது. அன்று சான் பாவ்லோ ரசிகர்கள் எழுந்து நின்று மிலான் வீரர்களுக்குக் கைதட்டினார்கள். இந்நிகழ்ச்சியைப் பின்னர் வரப்போவதோடு சேர்த்து மனதிற்கொள்ள வேண்டும். நல்ல ஆட்டத்தை எதிரியிடத்திலும் மதிக்கத் தெரிந்த கூட்டம் அது.

1990இன் தொடக்கத்தில் கசப்பு உச்சத்தை எட்டியிருந்தது. ஏப்ரல் 8ஆம் திகதி பெர்கமோ நகரில் நடந்த ஆட்டத்தில் நாபொலியின் பிரேசில் வீரர் அலெமாவோவின் தலையில் அரங்கிலிருந்து எறியப்பட்ட நாணயமொன்று பட்டது. கோலின்றிச் சமநிலையில் முடிந்த அந்த ஆட்டம் நாபொலிக்கு 2-0 வெற்றியாக அறிவிக்கப்பட்டது. அம்மாத இறுதியில் நாபொலி இரண்டாவது தடவை சம்பியனானபோது, பட்டம் களவாடப்பட்டது என்று மிலான் ரசிகர்கள் கொதித்தார்கள். அரசியலிலும் அதே காற்று வீசிற்று. தெற்குக்கு எமது வரிப்பணம் போவானேன் என்று கேட்ட உம்பெர்த்தோ பொஸ்ஸியின் லொம்பார்டிய லீக், மே மாதப் பிராந்தியத் தேர்தலில் லொம்பார்டியில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு வாக்குகளைப் பெற்றது.

இந்தச் சூழ்நிலையில்தான் உலகக் கிண்ணம் இத்தாலியில் தொடங்கியது. ஜூன் 8ஆம் திகதி மிலானில் நடந்த முதல் ஆட்டத்தில் நடப்புச் சம்பியனான ஆர்ஜென்டீனாவைக் கமரூன் 1-0 என்று வென்றது. அரங்கு முழுவதும் மரடோனாவை ஊளையிட்டு இகழ்ந்தது. என் புண்ணியத்தால் மிலான்காரர்கள் இன்று ஒருநாளாவது இனவாதத்தை விட்டுவிட்டு ஆபிரிக்கர்களை ஆதரித்தார்கள் என்ற கருத்துப்பட அவர் பின்னர் குத்தலாகச் சொன்னார். அடுத்த இரண்டு ஆட்டங்களும் நேப்பிள்ஸில் நடந்தன. சோவியத் ஒன்றியத்துக்கு எதிரான ஆட்டத்தில் கோல் கோட்டருகே மீண்டும் கையால் பந்தைத் தடுத்தார். மத்தியஸ்தர் அதைக் காணவில்லை. பின்னர் டியூரினில் பிரேசிலையும், ஃபுளோரன்ஸில் தண்ட உதைகள் மூலம் யூகோஸ்லாவியாவையும் தாண்டி ஆர்ஜென்டீனா அரையிறுதிக்கு வந்தது. இத்தாலி தனது ஐந்து ஆட்டங்களையும் ரோமில் ஆடி, ஐந்திலும் வென்று, ஒரு கோலைக்கூட வாங்காமல் வந்தது. போட்டி அட்டவணைப்படி அரையிறுதி நேப்பிள்ஸில்.

ஆட்டத்துக்கு முன்னர் மரடோனா வாய் திறந்தார். ஆண்டில் 364 நாட்கள் உங்களை அந்நியராக நடத்துபவர்கள், இன்று ஒருநாள் மட்டும் இத்தாலியராக இருக்கும்படி கேட்கிறார்கள். நானோ 365 நாளும் நேப்பிள்ஸ்காரன் என்பது அவர் பேச்சின் சாரம். இத்தாலி முழுவதும் கொந்தளித்தது. அவர் சொன்னதில் முற்பாதி உண்மை. பிற்பாதி தந்திரம். தமது அணிக்கு ஆதரவு தேடும் ஒரு தலைவரின் கணக்கு அதில் இருந்தது. ஆறு ஆண்டுகள் தம்மைத் தெய்வமாகக் கொண்டாடிய மக்களைத் தேசத்துரோகிகள் என்ற பழிக்கு ஆளாக்கக்கூடிய பேச்சு அது என்பதை அவர் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

மக்கள் என்ன செய்தார்கள்? அன்றைய பதாகைகளே சாட்சி. ‘மரடோனா, நேப்பிள்ஸ் உன்னை நேசிக்கிறது, ஆனால் இத்தாலி எங்கள் தாயகம்’ என்றது ஒன்று. ‘உள்ளத்தில் டியேகோ, கோஷத்தில் இத்தாலி’ என்றது இன்னொன்று. மற்ற நகரங்களில் ஊளைக்கு ஆளான ஆர்ஜென்டீனாவின் தேசிய கீதம் நேப்பிள்ஸில் மட்டும் அவமதிக்கப்படவில்லை. 17ஆவது நிமிடத்தில் சல்வத்தோரே ஸ்கிலாச்சி கோல் போட்டபோது அரங்கு ஆர்ப்பரித்தது. அந்த ஸ்கிலாச்சியும் ஒரு தென்னாட்டவரே. சிசிலியின் பலெர்மோவில் வறுமையில் வளர்ந்து, யுவென்டஸுக்காக ஆடியபோது எதிரணி ரசிகர்களிடம் தென்னாட்டான் என்ற இகழ்ச்சியைக் கேட்டவர். கிண்ணப் போட்டியில் 6 கோல்கள் போட்டு இத்தாலி முழுவதற்கும் ஒரு மாதகாலம் செல்லப்பிள்ளையானார். 2024 செப்டெம்பர் 18ஆம் திகதி காலமானார்.

67ஆவது நிமிடத்தில் கனீஜியா தலையால் தட்டிய பந்து, 517 நிமிடங்கள் கோல் வாங்காதிருந்த வால்ட்டர் ஸெங்காவைத் தாண்டி வலைக்குள் சென்றது. மேலதிக நேரமும் முடிந்து தண்ட உதைகள் வந்தன. இத்தாலியின் டொனடோனி, செரேனா ஆகியோரின் உதைகளைக் கோல் காப்பாளர் கொய்கொச்சியா தடுத்தார். ஆர்ஜென்டீனாவின் நான்காவது உதையை மரடோனா போட்டார். 4-3. அரங்கு மௌனமாயிற்று.

ரோமில் கிடைத்த இரைச்சல் நேப்பிள்ஸில் கிடைக்கவில்லை என்று இத்தாலியத் தரப்பில் பின்னர் குறை சொல்லப்பட்டது. அது பொய்யன்று. அன்று அரங்கில் இருந்தவர்களில் பெரும்பாலோர் இத்தாலியின் வெற்றியை விரும்பினர். ஆனால் மரடோனாவை இகழ்ந்து ஊளையிட அவர்களால் இயலவில்லை. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தைத்தான் துரோகம் என்று பெயரிட்டார்கள். ஸெங்கா ஓரடி முன்னால் வந்து பந்தைத் தவறவிட்டதும், இரண்டு உதைகள் தடுக்கப்பட்டதும் தோல்விக்குப் போதுமான காரணங்கள். ஆனால் தோற்ற நாட்டுக்கு அவை போதவில்லை.

ஜூலை 8ஆம் திகதி ரோமில் இறுதியாட்டம். ஆர்ஜென்டீனாவின் தேசிய கீதம் ஒலித்தபோது எழுந்த ஊளையில் இசையே கேட்கவில்லை. ஒளிப்படக் கருவி தம் முகத்தருகே வரும்வரை காத்திருந்து மரடோனா ஒரு கெட்ட வசையை உதிர்த்தார். உலகமே அதைப் பார்த்தது. மேற்கு ஜேர்மனி 85ஆவது நிமிடத் தண்ட உதையால் வென்றது. மரடோனா அழுதார். 1991 மார்ச் 17ஆம் திகதி ஆட்டமொன்றுக்குப் பின் நடந்த பரிசோதனையில் கொக்கேய்ன் கண்டறியப்பட்டு, அவருக்கு 15 மாதத் தடை விதிக்கப்பட்டது. 70,000 பேர் வரவேற்ற மனிதர் வழியனுப்ப ஆளின்றி நேப்பிள்ஸை விட்டுச் சென்றார். ஜூலை 3இன் பழியைச் சுமந்தபடி அந்நகரம் அங்கேயே இருந்தது.

பத்திரிகைத் தொழிலில் நீண்ட காலம் கழித்தவன் என்ற முறையில் இதில் எங்கள் பங்கையும் சொல்லியாக வேண்டும். ஒரு நகரத்தின் இரண்டு மனத்தை எழுத மூன்று பந்தி வேண்டும். ‘கைவிட்டது’ என்று எழுத ஒரு சொல் போதும். தலைப்பில் இடம்பிடிப்பது அந்த ஒரு சொல்தான். 1990 ஜூன் இரண்டாம் வாரத்தில் எங்கள் நாட்டில் மீண்டும் போர் மூண்டிருந்தது. முதற்பக்கம் அதற்கே போதவில்லை. நேப்பிள்ஸ் செய்தி விளையாட்டுப் பக்கத்தில் சில அங்குலங்களுக்குள் முடிந்தது. அந்தச் சில அங்குலங்களுக்குள் பதாகைகளுக்கு இடமில்லை.

இந்தக் கதை எங்களுக்கு ஏன் முக்கியம் என்று சிலர் கேட்கலாம். அதே 1990 ஏப்ரலில் பிரித்தானிய அரசியல்வாதி நோர்மன் டெபிட், ஆசியாவிலிருந்து வந்து குடியேறியவர்கள் கிரிக்கெட் ஆட்டத்தில் எந்த அணிக்குக் கைதட்டுகிறார்கள் என்பதைக் கொண்டு அவர்களது விசுவாசத்தை அளக்கலாம் என்றார். இலண்டனில் வாழ்ந்த தமிழர்களும் அக்கேள்விக்கு உட்பட்டவர்களே. பிறந்த நாட்டில் அவர்களுக்கு அதே கேள்வி வேறொரு விதமாக ஏற்கெனவே போடப்பட்டிருந்தது. இலங்கை அணி ஆடும்போது நீ கைதட்டுகிறாயா, இல்லையா என்பதே அது. நேப்பிள்ஸின் நிலையும் எங்கள் நிலையும் ஒன்றல்ல. அங்கே போர் நடக்கவில்லை. ஆனால் கேள்வியின் வடிவம் ஒன்றுதான். ஒற்றைச் சொல்லில் பதில் கேட்பது அது. ஆண்டு முழுவதும் நீ எப்படி நடத்தப்பட்டாய் என்பதை அது விசாரிப்பதேயில்லை.

2000ஆம் ஆண்டில் நாபொலி கழகம் 10ஆம் இலக்கச் சட்டையை இனி எவருக்கும் வழங்குவதில்லை என்று முடிவு செய்தது. மரடோனா இறந்த சில நாட்களிலேயே சான் பாவ்லோ அரங்குக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. 33 ஆண்டுகள் காத்திருந்து 2023 மே 4ஆம் திகதி மூன்றாவது பட்டத்தையும், 2025 மே மாதத்தில் நான்காவதையும் நாபொலி வென்றது. இத்தனைக்குப் பின்னரும் வடக்கின் சில அரங்குகளில் வெசூவியஸை விளிக்கும் பாட்டு ஒலிப்பதும், அதற்காகக் கழகங்களுக்கு அபராதம் விதிக்கப்படுவதும் நின்றுவிடவில்லை.

மரடோனா நல்லவரா, கெட்டவரா என்று ரசிகர்கள் தொடர்ந்து தர்க்கிக்கட்டும். அதில் தவறில்லை. ஆனால் 1990 ஜூலை 3ஐப் பற்றிப் பேசும்போது அந்த இரண்டு பதாகைகளையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மரடோனா கேட்டது ஒரு பதில், இத்தாலி கேட்டது வேறொரு பதில். நேப்பிள்ஸ் இரண்டு பேருக்கும் ஒளிவுமறைவின்றித் தன் பதிலைத் துணியில் எழுதிக் காட்டியது. அதை வாசிக்கத்தான் எவருக்கும் பொறுமை இருக்கவில்லை.